குறைந்தது ஒரு வரி

ஜூன் 9, திங்கள்: தஞ்சாவூர்

காலை ஏழு மணிக்கு ரயிலை விட்டு இறங்கும்போதே வெயில் பதினொரு மணி வெயிலாக இருந்தது. ஜூன் மாதத்தில் தஞ்சைக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பையில் இரண்டு துண்டைக் கூடுதலாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லியும் ஒரு வடையும் ஒரு காபியும் அறுபத்தைந்து ரூபாய். சாம்பாரை மூன்றாம் முறை ஊற்ற வந்தவர், நான் இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, சிந்தாமல் சற்றுத் தள்ளி நின்று ஊற்றினார். அந்தத் தாள்தான் என்னை இங்கே இழுத்து வந்தது.

தொழிலால் நான் கணக்குத் தணிக்கை செய்பவன். ஓராண்டாக மாலை வேளைகளில் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நிலக்கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவருகிறேன். ராஜராஜன் தன் பதினேழாம் ஆட்சியாண்டு வாக்கில், அதாவது கி.பி. 1001ஐ ஒட்டி, நாட்டின் நிலத்தை அளக்கச் செய்தான். அதை நடத்திய சேனாபதிக்கு 'உலகளந்தான்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த அளவைப் பதிவேடு ஓலையில் இருந்தது, போய்விட்டது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைப் பற்றிய நறுக்குகள் மட்டும் கல்லில் ஏறியதால் நமக்கு மிஞ்சின. அவற்றைக் கல்வெட்டாய்வாளர் ஹூல்ச் படித்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளியிட்டார். வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியும் தொடர்ந்து அந்தத் தொகுதியை முடிக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. இன்று நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தப் பதிப்பைத்தான்.

ஊர்க்கணக்கு எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வரும். முதலில் ஊரின் மொத்த நிலம். அதிலிருந்து ஊர்நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று வரி விதிக்க முடியாத இடங்களைக் கழிப்பார்கள். 'இறையிலி நீங்கு நிலம்' எவ்வளவு, அதற்குக் கட்டிய நெல் எத்தனை கலம் என்பது கடைசியில் வரும். ஒரு தணிக்கையாளனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது, ஏனென்றால் மொத்தம், கழிவு, மீதி, வரி ஆகிய நான்கும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. அந்தப் பதிப்பின் நகலாக என் கையில் இருந்த தாளில் ஓர் ஊரின் கணக்கு அப்படிக் காக்கவில்லை. கழிவைக் கழித்தால் மீதி வரவில்லை. மீதிக்கும் நெல்லுக்கும் ஒட்டவில்லை. பதிப்பில் ஒரு வரி விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, அதைக் கல்லில் கண்ணால் பார்த்துவிடுவதற்காக ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பகல் ஒன்றரை மணிக்குக் கோயிலுக்குப் போனது பெரிய முட்டாள்தனம். செருப்பை விட்டுத் திருச்சுற்றில் இருபது அடி நடப்பதற்குள் உள்ளங்கால் தோசைக்கல்லில் விழுந்த மாவாகிவிட்டது. ஒரு குடும்பத்தில் அத்தனை பேரும் காலுறை அணிந்து வந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்து, "ஓடாதப்பா, ஓடினா இன்னும் சுடும், நிழலு நிழலா தாண்டு" என்று வழி சொன்னார். நிழல் நிழலாகத் தாண்டி விமானத்தின் அடித்தளத்தை அடைந்தால் அங்கே எழுத்தே இல்லை. இருக்கிறது, ஆனால் உச்சிவெயில் கல்லின் மேல் தட்டையாக விழும்போது வெட்டின் பள்ளத்தில் நிழல் தங்குவதில்லை. முழுச் சுவரும் சொரசொரப்பான ஒரு பரப்பாகிவிடுகிறது. திரும்பிவந்து விடுதியில் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்: பெரிய கோயில்

ஆறு மணிக்கெல்லாம் உள்ளே போய்விட்டேன். சாய்ந்த வெளிச்சம் வந்ததும் எழுத்து எழுந்து நின்ற விதத்தை நேற்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆழமாக, பிசிறில்லாமல், நேற்று வெட்டியது போல. ராஜராஜனின் ஆணையை முதலில் தேடிப் படித்தேன்: நான் கொடுத்தன, அக்கன் கொடுத்தன, நம் பெண்டுகள் கொடுத்தன, மற்றும் கொடுத்தார் கொடுத்தன எல்லாவற்றையும் 'ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக' என்கிறான். நம் பார்வையில் அது பக்தி வாசகம். என் தொழில் பார்வையில் அது முழுமைக்கான உத்தரவு. ஒன்றும் விடாதே என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு.

எழுத்தைத் தொட்டுத் தடவப் போனேன். காவலர் ஒருவர் வந்து, "சார், கண்ணால படிங்க, கை வேண்டாம்" என்றார். கடிந்து சொல்லவில்லை. சுண்ணாம்புப் பொடி, மாவு ஏதாவது பூசுகிறேனா என்று மட்டும் என் பையை ஒரு நோட்டம் விட்டார். பிறகு தன் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, "இப்படிப் பிடிச்சா நல்லா தெரியும்" என்று ஒரு நொடி காட்டிவிட்டும் போனார். எத்தனையோ பேர் இதே இடத்தில் குனிந்து நின்றதைப் பார்த்தவர் போலும்.

நிலப் பின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எதைத் தேடினேன் என்பது விளங்காது. வேலி என்பது நில அளவு. அதில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் 'கீழ்' என்று சொல்லி மறுபடி 320ஆல் வகுப்பார்கள். இன்னொரு கீழ் வந்தால் இன்னொரு 320. இப்படிப் போய் இந்தக் கோயில் கணக்கில் வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் வருகிறது. நான்கு 320களைப் பெருக்கி மேலும் ஐந்தால் பெருக்கினால் அந்த எண் அப்படியே வந்து நிற்கும். ஒரு மணல்துகளின் அளவே தேறும் அந்த நிலத்தை எந்தக் கோலாலும் அளந்திருக்க முடியாது. வியந்து எழுதுகிறவர்கள் இதை அளவையின் நுட்பம் என்கிறார்கள். எனக்கு இது கணக்கன் வகுத்து வந்த மீதியை விட மறுத்த பிடிவாதமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தப் பிடிவாதம்தான் பதிப்பைச் சோதிக்க நமக்குக் கிடைத்த பெரிய கருவி. வேலிக்கு நூறு கலம் நெல் என்ற விகிதத்தில் (கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, குறுணிக்கு எட்டு நாழி), பதிப்பாசிரியர் ஒரு 'மா'வை விட்டால் ஐந்து கலம் இடிக்கும். ஒரு 'காணி'யை விட்டால் ஒரு கலம் மூன்று குறுணி இடிக்கும். ஒரு 'முந்திரி'யை விட்டாலும் முப்பது நாழி நெல் எங்கே என்று கேள்வி வரும். எந்த எழுத்து விழுந்தது என்பதை இடிக்கிற நெல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

என் ஊர்க்கணக்கில் இடித்தது ஒரு நாழியோ குறுணியோ அல்ல. ஒரு பெரிய துண்டு. 'இறையிலி நீங்கு நிலம்' என்ற தொடர் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருவதால், படியெடுத்தவரின் கண் ஓர் ஊரின் தொடரிலிருந்து அடுத்த ஊரின் அதே தொடருக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஓலை பார்த்து எழுதியவர்கள் எல்லோருக்கும் நேர்ந்த விபத்து அது. காலையில் எட்டரை வரை தேடியும் ஊர்ப்பெயரைப் பிடிக்க முடியவில்லை. வரி ஒரே நேர்க்கோட்டில் நெடுந்தூரம் ஓடி, சுவர் மடங்குகிற இடத்தில் தானும் மடங்கி, பிதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. நடந்துகொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் என் வரிக்குக் குறுக்கே அமர்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். ஆசிரியை எனக்கும் ஒரு பொட்டலம் தந்தார், மறுக்க மனமில்லை.

மாலை நாலே முக்காலுக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஊர், அதன் மொத்த நிலம், கழிவு, 'நீங்கு நிலம்', நெல், அடுத்த ஊர் எல்லாம் கல்லில் வரிசையாக இருந்தன. என் தாளில் இல்லாத நீளமான ஒரு பகுதி கல்லில் முழுமையாக இருந்தது. இரண்டு முறை எழுதிக்கொண்டு, விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து கூட்டினேன். கணக்கு நேரானது. நூற்று முப்பது ஆண்டு பழைய பதிப்பில் ஓட்டை கண்டுபிடித்த பெருமிதத்தில், இரவு உணவுக்கு நெய் ரோஸ்டும் அதன் மேல் இன்னொரு நெய் ரோஸ்டும் வாங்கினேன். நூற்றெண்பது ரூபாய்.

ஜூன் 11, புதன்: திருமழபாடி

வெற்றிவிழாவுக்கு ஒரு சிற்றுலா. திருவையாற்றில் பேருந்து மாறுகிற இடைவெளியில் அசோகா அல்வா நூறு கிராம். பாசிப்பருப்பு, நெய், கோதுமை மாவு, வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தந்தார்கள். கடைக்காரர் விலை சொல்வதற்குள் தின்று முடித்துவிட்டேன். பாலத்திலிருந்து பார்த்தால் காவிரியில் மணல்தான். பின் இருக்கையில் இருவர் மேட்டூர் நாளைக்குத் திறந்தால் தண்ணீர் இங்கே எந்தக் கிழமை வரும் என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கொள்ளிடத்தைத் தாண்டியதும் காற்று மாறியது, அல்லது ஜன்னலோரம் கிடைத்ததால் அப்படித் தோன்றியது.

திருமழபாடியில் பார்க்க விரும்பியது ஒரே ஒரு செய்தியை. இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரைப் பிரிப்பதற்கு முன்னால் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். அவனுக்குப் பின் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1026இல், அந்தப் படிகளைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அந்தக் கல்வெட்டுகள் கல்லில் இல்லாமல் ஓலையில் மட்டும் வாழ்ந்திருக்கின்றன. ஹூல்ச்சுக்கு முன்னால் எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பதிப்பாசிரியர் ஒருவர் இங்கே வேலை பார்த்திருக்கிறார், பெயர் தெரியாமல்.

இதை நினைத்தபோதுதான் 'முழுமை' என்ற சொல்லை நான் எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்திவந்தேன் என்பது உறைத்தது. மறுபடி வெட்டிய கல்வெட்டை இன்றைய பதிப்பு எழுத்துக்கு எழுத்து தந்திருக்கலாம். அப்படியானால் கல்லைப் பொறுத்தவரை பதிப்பு முழுமை. ஆனால் அந்தக் கல், பிரிக்கப்பட்ட பழைய கல்லைப் பொறுத்தவரை முழுமையா? ஓலையில் எழுதியவர் எத்தனை சிதைந்த வரிகளை விட்டார்? அதற்கும் பின்னால் போனால், அளந்தவர்கள் எதையெல்லாம் ஏட்டில் ஏற்றவே இல்லை? மூன்றும் மூன்று வேறு குறைகள், மூன்றுக்கும் சோதனை வேறு. பதிப்பாசிரியர் விட்டதைக் கல் சொல்லும். கல் இழந்ததை, அதே நிலம் வேறொரு சாசனத்தில் வந்திருந்தால், அது சொல்லும். அளந்தவர் விட்டதைச் சொல்ல யாருமில்லை.

இங்கிலாந்தில் 1086இல் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே அளவைக்கும் இதே சிக்கல்தான். (அதே 1086இல், தன் 16ஆம் ஆட்சியாண்டில், முதலாம் குலோத்துங்கனும் இங்கே நிலம் அளந்தான் என்பது தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) டூம்ஸ்டே நூலில் லண்டனும் வின்செஸ்டரும் இல்லை. 1783இல் அதை முதன்முதலாக அச்சிட்ட ஆபிரகாம் ஃபார்லியை அதற்காகக் குறை சொன்னால் அது அநியாயம். மூல ஏட்டிலேயே அந்நகரங்கள் இல்லை. அவர்களுக்கு மூல ஏடு கையில் இருப்பதால் தாளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். குலோத்துங்கனின் அளவை ஏடு நமக்கு ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை; பிற கல்வெட்டுகளில் வரும் குறிப்புகளால்தான் அப்படியோர் அளவை நடந்ததே தெரியும்.

குருக்கள் நடை சாத்துகிற நேரம். கையெழுத்துப் பிரதி போல எதையோ வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றவனைக் கண்டு, "தேவஸ்தானமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக ஒரு வாழைப்பழமும் விபூதியும் கொடுத்தார். திரும்புகிற பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருந்தேன். அதில் வந்த கோபத்தையெல்லாம் இங்கே எழுதி என்ன பயன்.

ஜூன் 12, வியாழன்: கரந்தை

இந்த நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

கரந்தையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பது ஆண்டாகக் கல்வெட்டு படிப்பவர். நண்பர் ஒருவர் மூலம் நேரம் வாங்கியிருந்தேன். திண்ணை வைத்த பழைய வீடு. உள்ளே நுழைந்ததும் ஒரு செம்பு மோர், பெருங்காயமும் கறிவேப்பிலையும் மிதக்க. குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது போலக் காத்திருந்தார். பிறகு நான் என் கண்டுபிடிப்பை விரித்தேன்: கண் தாவல், விழுந்த வரி, கல்லில் கிடைத்த பாடம், நேரான கணக்கு. முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"கணக்கு ரொம்ப சரி தம்பி. எனக்கு இவ்வளவு பொறுமை வராது" என்றார். பிறகு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல பக்க எண் எங்க?"

இணையத்தில் எடுத்த நகலை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டபோது, எழுத்து பெரிதாக வரட்டும் என்று ஓரத்தையெல்லாம் வெட்டச் சொன்னவன் நான்தான். பக்க எண் ஓரத்தோடு போயிருந்தது. பெரியவர் எழுந்து அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய தொகுதியை எடுத்தார். முதுகு பிரிந்து, நூல் கொண்டு தைத்த பழைய பிரதி. என் தாளின் கடைசி வரியைத் தேடி விரலை வைத்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கல்லில் நான் வியர்வை சொட்டப் படித்து எழுதிய பகுதி அங்கே அச்சில் இருந்தது, நான் தவறாகப் படித்திருந்த இரண்டு எழுத்துகளைச் சரியாகக் கொண்டு. நகலெடுத்தபோது இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. எல்லா ஊர்க்கணக்கும் ஒரே நடையில் ஓடுவதால், அறுந்த இடத்தில் வாசகம் தடுக்காமல் ஒட்டிக்கொண்டது.

"ஹூல்ச்சு கண்ணு தாவல தம்பி. நகல் தாவியிருக்கு, நீங்களும் கூடவே தாவிட்டீங்க" என்றார். கேலியே இல்லாமல்.

நேற்று தின்ற அல்வா முழுக்கத் தொண்டையில் நின்றது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், நான் கல்லைப் பார்த்து எழுதிய தாளையும் தொகுதியையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட ஆரம்பித்தார். அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பாடம் என்று சொல்ல வேண்டும். நான் 'பொரிந்துவிட்டது, படிக்க இயலவில்லை' என்று புள்ளி வைத்திருந்த ஐந்தாறு இடங்களில் அச்சில் எழுத்து தெளிவாக இருந்தது. ஐயப்பாடு காட்டும் சதுர அடைப்புக்கூடப் போடவில்லை. அப்போது கல்லில் தெளிவாக இருந்தது, பிறகு பொரிந்திருக்கிறது. பதிப்பைக் கல்லோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்க வந்தவன், கல்லில் குறைந்ததைப் பதிப்பிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"அப்படின்னா பதிப்பு முழுமைதானாங்க ஐயா?"

"இந்தத் தொகுதிய அவ்வளவு சீக்கிரம் குறை சொல்ல முடியாது. முழுமையில்லன்னு சண்டை போடணும்னா வேற இடத்துல போடுங்க" என்றார். அந்த வேற இடத்தை அவர் விளக்கிய விதம் நீளமானது. என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன். 1887 முதல் கல்வெட்டுத் துறையினர் ஆண்டுதோறும் படியெடுத்த கல்வெட்டுகளுக்கு வரிசை எண் போட்டு அறிக்கை வெளியிட்டுவந்தார்கள். அறிக்கையில் இருப்பது நாலு வரிச் சுருக்கம்: யார் காலம், எந்த ஆண்டு, என்ன கொடை. முழுப்பாடம் தொகுதிகளில் பின்னால் வர வேண்டும். பலவற்றுக்கு வந்தது, ஆயிரக்கணக்கானவற்றுக்கு இன்னும் வரவில்லை. சுருக்கம் எழுதுகிறவர் 'நிலக்கொடை' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்கிற இடத்தில்தான் எல்லை, அளந்த கோல், கழிவு, கடமை என்கிற வரி எல்லாம் இருக்கும். மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி, எடுத்த பிறகு சில கோயில்களில் திருப்பணி நடந்து கல்லே போய்விட்டது. அங்கே மைப்படி ஒன்றுதான் மூலம். அந்தப் படிகள் உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருக்குப் போயின. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு தொகுதியில் என்ன விடுபட்டது என்று பார்ப்பதற்கு முன்னால் அறிக்கையின் எண் வரிசையை எடுத்துவைத்து, எந்த எண்ணுக்குப் பாடம் வந்தது, எந்த எண்ணுக்கு வரவில்லை என்று டிக் போட்டுப் பார்க்க வேண்டும். தணிக்கையில் நாங்கள் ரசீதுப் புத்தகத்துக்குச் செய்வது இதுதான். அதைச் செய்யாமல் நேரே கூட்டல் கழித்தலில் இறங்கிய என்னை என் முதலாளி பார்த்திருந்தால் சம்பளத்தைப் பிடித்திருப்பார்.

மதியம் அங்கேயே சாப்பிட வைத்துவிட்டார்கள்: முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூப் பருப்புசிலி, சுட்ட அப்பளம். கிளம்பும்போது அந்த இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொன்னார், "பக்க எண்ணோட எடுங்க" என்று சேர்த்து.

ஜூன் 13, வெள்ளி: ஆனைமங்கலம்

திரும்புவதற்கு ஒரு நாள் மீதி இருந்தது. கல் வேண்டாம், ஒரு செப்பேட்டின் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கீழ்வேளூருக்கு ரயிலேறினேன். அங்கிருந்து ஆட்டோவுக்கு முதலில் இருநூறு, பேசிய பிறகு நூற்றைம்பது.

ஆனைமங்கலத்தை ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான கொடை நிலமாக, விட்டான். விகாரத்தைக் கட்டியவன் ஸ்ரீவிஜய மன்னன். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர்களோடு கப்பலேறி லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனவை. 21 ஏடு, வடமொழி 5, தமிழ் 16, எல்லாவற்றையும் கோத்து முத்திரை பொறித்த பெரிய வளையம். செப்பேட்டில் முழுமையைச் சோதிப்பதற்குக் கல்லில் இல்லாத வசதி இந்த வளையம்: அறுபடாதிருந்தால் ஏடு விழுந்திருக்க வழியில்லை. 1886இல் ஒரு முறை அச்சானதைப் பின்னர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா'வின் 22ஆம் தொகுதியில் திருந்தப் பதிப்பித்தார். ஊரின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். கட்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். வகுத்தால் வேலிக்கு ஏறக்குறைய 92 கலம். நூறு வரவில்லையே என்று ரயிலில் ஒரு கணம் உள்ளுக்குள் அரித்தது. தணிக்கை புத்திதான். ஊருக்கு ஊர் விளைச்சலுக்கு ஏற்ப விகிதம் மாறும். நூறில் நிற்காததெல்லாம் பிழை அல்ல.

எல்லை வகுத்ததைச் செப்பேடு சொல்கிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பெண்யானையை நடக்கவிட்டு, அதன் பின்னே ஊரார் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். இறங்கிப் பார்த்தேன். கள்ளி எதுவும் கண்ணில் படவில்லை. வரப்பு, பனை, குறுவைக்குத் தண்ணீர் பார்த்துக் காத்திருக்கும் வெடித்த வயல், தூரத்தில் ஒரு பம்புசெட் சத்தம். தொலைவில் எங்கோ மழை இருட்டு. இங்கே ஒரு துளி இல்லை.

கையில் தாளும் கண்ணில் கண்ணாடியுமாக வரப்பில் நின்றவனைப் பார்த்துப் பம்புசெட்டிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். "சர்வேயா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பைபாஸுக்கா?" அதுவும் இல்லை, ஆயிரம் வருடம் முன்னால் இந்த ஊரை அளந்த கணக்கைப் பார்க்க வந்தேன் என்றேன். சற்று யோசித்தார். "அப்ப எத்தனை வேலின்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். வேலி என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னேன். "இருக்கும்" என்று, பக்கத்து ஊர்க்காரர் சொன்ன தகவலை ஒப்புக்கொள்வது போலத் தலையசைத்தார். தனக்கு ஆறு மா என்றார். பம்புசெட் கொட்டகையில் உட்கார வைத்து இளநீர் வெட்டித் தந்தார், காசை வாங்கவில்லை. பேச்சு வளர்ந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பட்டாவை எடுத்துக் காட்டினார். 0.78.50 ஹெக்டேர் என்றிருந்தது.

பழக்க தோஷம். பேனாவை எடுத்துவிட்டேன். மாவுக்கு முப்பத்து மூன்று சென்ட் வீதம் ஆறு மாவுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்ட், ஹெக்டேரில் 0.80 வர வேண்டும். நாலு சென்ட் இடிக்கிறது என்றேன். எந்தப் பக்கம் தவறு, பட்டாவா, உங்கள் ஆறு மாவா என்றும் கேட்டேன்.

அவர் பட்டாவை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தார். எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் வயலை மூலைவாட்டாக வெட்டிக்கொண்டு போகும் காய்ந்த கன்னி வாய்க்காலைக் கையால் காட்டினார்.

"நாலு சென்ட் வாய்க்கால்ல போச்சு சார். அதுக்கு யாரு வரி கட்டுறது?"